காவல் பெட்டி

விரலை வைத்ததும் விழித்துக்கொள்ள வேண்டிய வண்டி அன்றைக்கும் அசையாமல் கிடந்தது. கௌசிகா விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். முன்பலகையில் ஒரு விளக்கு மினுக்கென்று எரிந்து, வெட்கப்பட்டதுபோல அணைந்தது.

"என்ன கௌசி, இன்னைக்கும் ஆட்டோதானா?" பின்னால் ஏறி உட்கார்ந்திருந்த ரங்கசாமி கேட்டார். டயாலிசிஸுக்குப் போகிறவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகும் கேலி அவரைக் கைவிடவில்லை. "இந்த ஆம்புலன்ஸுக்கு ஒரு ஆம்புலன்ஸ் வாங்கி விடு. அது வந்து இதைத் தூக்கீட்டுப் போகட்டும்."

"இறங்குங்கண்ணா. ஆட்டோவுக்குச் சொல்லியாச்சு."

அவரை ஏற்றி அனுப்பிவிட்டு வந்து, தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்றுகூடப் பார்க்காமல், வண்டியின் சக்கரத்தை ஓங்கி உதைத்தாள். கால்தான் வலித்தது. "நடிக்கறியா? அன்னைக்கும் இப்படித்தான நின்ன? உன்னைய ஓட ஓட வெரட்டாம விடமாட்டேன்" என்றாள்.

வண்டியிடம் பேசுகிற டிரைவர்கள் திருச்செங்கோட்டில் நிறையப் பேர் உண்டு. ஆனால் பழிவாங்குவதற்கென்றே ஒரு வண்டியை வாங்கியவள் கௌசிகா ஒருத்திதான்.

ஆவணியில் நாமக்கல் புரோக்கர் மூலமாக வாங்கிய பழைய ஆம்புலன்ஸ் அது. முன்பு அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அவள் யாரென்று புரோக்கருக்குத்தான் தெரியாது. விற்றவர் செங்கோட்டுவேல். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளை ஒரிசா வரைக்கும் அனுப்பிக்கொண்டிருந்த பெரிய புள்ளி. முறைப்படி பார்த்தால் கௌசிகாவின் மாமனார். முறையை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

அவர் மகன் பிரணவை அவள் சந்தித்தது ஒரு ஆஸ்பத்திரி வராண்டாவில். கை நசுங்கிய ரிக் தொழிலாளி ஒருவருக்கு ரத்தம் கொடுக்க வந்தவன், ரத்தத்தைப் பார்த்ததும் தானே மயங்கி விழுந்தான். அங்கே ஆம்புலன்ஸ் நர்ஸாக இருந்த கௌசிகாதான் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து உட்கார வைத்தாள். "இதை வெளிய சொல்லீராதீங்க, எங்க கம்பெனி மானம் போயிரும்" என்றான். அவள் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். செங்கோட்டுவேல் வீட்டுக் கதவு அன்றோடு இருவருக்கும் சாத்தப்பட்டது.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மழைச் சாயங்காலம், சங்ககிரி ரோட்டில் டிப்பர் லாரி ஒன்று பிரணவின் பைக்கை இடித்துவிட்டுப் போய்விட்டது. தகவல் கேட்டு ஓடிய கௌசிகாவுக்கு முதலில் நினைவு வந்தது மாமனார் வீட்டு ஆம்புலன்ஸ்தான். கிளம்பினால் உடனே வந்துவிடும் தூரம். வெட்கம், ரோஷம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போன் செய்தாள்.

"அது எந்நெஞ்சுக்குக் கட்டுன வண்டி" என்றார் செங்கோட்டுவேல். "என்னைய விட்டு நகரக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் சொல்லியிருக்கறான். நகந்தா நான் செத்துப்போயிருவேன். பொது வண்டியக் கூப்பிடு."

பொது வண்டி, தண்ணீர் நின்ற தரைப்பாலத்தைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள், பிரணவ் அவள் மடியிலேயே அடங்கிப்போனான்.

நகரவே முடியாத வண்டி என்றால் மனிதனைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அப்படித்தான் அவள் மனத்தைச் சமாதானம் செய்து வைத்திருந்தாள். ஆத்திரம் முழுக்க வண்டியின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் புது வண்டி வாங்கிக்கொண்டு பழையதை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் வேலையை விட்டாள், வண்டியை வாங்கினாள். ஒருத்தருக்காக நின்ற வண்டியை ஊருக்கெல்லாம் ஓடவைப்பது என்று ஒரு வைராக்கியம். பாம்பு கடித்தவர், பிரசவ வலி கண்டவர், மரத்திலிருந்து விழுந்தவர் என்று யார் கூப்பிட்டாலும் போனாள். வண்டியும் ஓடியது. விடிகாலையில் மட்டும் அடிக்கடி செத்துக் கிடந்தது.

*

நஸ்ரீனின் எலக்ட்ரிக்கல் பட்டறை லாரிப் பாடி கட்டும் கொட்டகைகளுக்கு நடுவில் இருந்தது. கயிறு கட்டி இழுத்து வந்த ஆம்புலன்ஸைப் பார்த்ததும் நஸ்ரீன் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏம்புள்ள, போன வாரந்தான புது பேட்டரி போட்டுக் குடுத்தேன்?"

"அதையுங் குடிச்சிருச்சுக்கா."

"பெரிய பேட்டரி?"

"முக்காவாசி இருக்குது. சின்னதுதான் காலி."

ஓட்டத்துக்குப் பெரிய பேட்டரி. வண்டியைத் தூக்கத்திலிருந்து எழுப்புவதற்கு ஒரு சின்ன பேட்டரி. அது இறங்கிவிட்டால் பெரியது நிரம்பி வழிந்தாலும் வண்டி எழுந்திருக்காது. ராத்திரி வண்டி தூங்கும்போது எதுவோ ஒன்று தூங்காமல் விழித்திருந்து சின்ன பேட்டரியை உறிஞ்சுகிறது. அது எது என்பதுதான் கேள்வி.

நஸ்ரீன் சின்ன பேட்டரிக்கு ஏற்றிவிட்டு, ஒயருக்கு நடுவில் மீட்டரை மாட்டி, வண்டியைப் பூட்டித் தூங்க வைத்தாள். மீட்டரில் ஓட்டம் நிற்கவில்லை. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். சைரன், பின்பக்க ஏசி, மருந்துப் பெட்டியின் குளிர், ஆக்ஸிஜன் பலகை விளக்கு. எல்லாவற்றையும் பிடுங்கி எடுத்த பிறகும் மீட்டர் எண்கள் எகிறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தன.

"என்னக்கா, பேய் கீய் இருக்குதா?"

"பேய்க்கு எதுக்குக் கரண்டு? நீ வேற. ஃபியூஸ் பெட்டிக்குள்ளயே வராம எவனோ தனியா ஒரு ஒயர் இழுத்திருக்கறான்." கட்டிலடியில் நுழைவதுபோல ஸ்ட்ரெச்சருக்கு அடியில் நுழைந்தாள். உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது. "இருக்குது, இருக்குது! தகடு வெச்சு ரிவிட் அடிச்சிருக்கறான். திருட்டுப்பய."

தகட்டைப் பெயர்த்ததும் உள்ளே கறுப்பாக ஒரு பெட்டி. சோற்று டப்பா அளவுகூட இல்லை. நஸ்ரீன் அதன் ஒயரில் மீட்டரை மாட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"எண்ணு ஓட்டமா ஓடுது, ஒண்ணும் புரியல. அந்த ஆணியில தொங்குது பாரு முள்ளு மீட்டர், அதை எடு."

முள் மீட்டரை மாட்டினாள். முள் துள்ளியது, படுத்தது. துள்ளியது, படுத்தது. அதில் ஒரு சீர் இருந்தது.

நஸ்ரீனுக்குப் புரிவதற்கு முன் கௌசிகாவுக்குப் புரிந்துவிட்டது. எத்தனையோ மணிக்கட்டுகளில் விரல் வைத்து எண்ணிய ஓட்டம் அது.

"அக்கா, இது நாடி."

"என்னது?"

"யாருக்கோ நெஞ்சு துடிக்குது. அதைத்தான் இந்தப் பெட்டி கேட்டுட்டிருக்குது."

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முள் தடுமாறியது. சின்னச் சின்னதாக இரண்டு நடுக்கம். பிறகு ஒரேயொரு பெரிய துள்ளல், மீட்டர் பலகையின் மறு கோடி வரைக்கும். அதன் பின் மறுபடி பழைய சீர்.

நஸ்ரீன் வெளியே வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "காவல் பெட்டி" என்றாள். "கோயமுத்தூர் டிரைனிங்ல ஒண்ணே ஒண்ணு காட்டுனாங்க. நெம்ப வசதியான ஆளுங்களுக்குன்னு வந்தது. நெஞ்சுக்குள்ள ஒரு சில்லு வெச்சிருவாங்க. சில்லுக்கு மூளை கெடையாது, ஊசி குத்தற மாதிரி ஒரு குத்துக் குத்தத்தான் தெரியும். எப்பக் குத்தோணும்னு இந்தப் பெட்டிதான் கணக்குப் போட்டுச் சொல்லும். இப்ப ஒரு துள்ளு துள்ளுச்சு பாத்தியா? அந்தாளு நெஞ்சு நிக்கப் பாத்துச்சு, நம்ம வண்டி இழுத்துப் புடிச்சிருச்சு."

"வித்த வண்டியில எதுக்கு இன்னும் ஓடுது?"

"சில்லுக்கும் பெட்டிக்கும் இருக்கற கட்டை அவுக்காம வித்திருப்பான். சில்லு இன்னும் இதைத்தான் தன்னோட காவல்னு நெனச்சிட்டிருக்குது."

கௌசிகா முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பக்கத்துல இருந்தாத்தான் இது வேலை செய்யுமாக்கா?"

"பக்கத்துலயா? அந்தாளு வீடு எங்க, நம்ம பட்டறை எங்க? எல்லாம் போன் டவர்லதான் போகுது. வண்டி காசிக்குப் போனாலும் செய்யும்."

"எங்க வேணாலும் போலாமா?"

"எங்க வேணாலும் போலாம் புள்ள. பேட்டரி மட்டும் இருக்கோணும்."

கௌசிகா எழுந்து பட்டறையின் தண்ணீர்த் தொட்டிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். ஒருமுறை கழுவி முடித்துவிட்டு மறுபடி கழுவினாள். வண்டி ஒரு பாவமும் அறியாதது. அதை உதைத்த கால் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

*

அந்த வீட்டில் அவளோடு ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தவள் பிரணவின் தங்கை சிந்துஜா மட்டும்தான். கௌசிகா அவளைப் போனில் கூப்பிட்டு, நலம் விசாரிப்பதுபோல ஆரம்பித்தாள்.

"அப்பாவுக்குத்தான் அண்ணி ஒண்ணும் நல்லால்ல. விடிகாலைல திடீர்னு மயங்கி விழுந்தறாரு. மெட்ராஸ் வரைக்கும் போய்ப் பாத்தாச்சு. நெஞ்சுல கோளாறு இல்லைங்கறாங்க, சில்லுலயும் இல்லைங்கறாங்க. புது வண்டியிலயும் பச்சை விளக்குத்தான் எரியுது. இன்னைக்கு விடிகாலைலகூட விழுந்துட்டாரு."

"பழைய வண்டியை விக்கறப்ப கட்டை அவுத்தாங்களா?"

"உங்களுக்கெப்படித் தெரியும் அதெல்லாம்?" சிந்துஜாவின் குரல் தாழ்ந்தது. "அவுக்கறதுக்கு அரை மணி நேரம் அந்த ஸ்ட்ரெச்சர்ல படுக்கோணும்னாங்க. அப்பா மாட்டேன்னுட்டாரு. வீட்டை விட்டு அனுப்பற ஆம்புலன்ஸ்ல படுத்து எந்திரிச்சா ஆளையும் சேத்து அனுப்புன மாதிரியாம். புதுசுல மட்டும் நல்ல நேரம் பாத்துப் படுத்தாரு. அவுத்தாச்சுன்னு சொல்லிக்கங்கன்னு கம்பெனிக்காரனுக்கு எளநி வெட்டிக் குடுத்து அனுப்பிட்டாரு. அந்தக் கம்பெனியே இப்பக் கைமாறிப்போச்சு."

புது வண்டியின் பச்சை விளக்குக்கு அர்த்தம், யாரோ காவல் காக்கிறார்கள் என்பதுதான். யார் என்று அது சொல்வதில்லை. கௌசிகாவின் சின்ன பேட்டரி செத்த விடிகாலைகளில்தான் அவர் காவலில்லாமல் விழுந்திருக்கிறார்.

பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நஸ்ரீன், கையிலிருந்த கட்டரைப் பார்த்தாள், கௌசிகாவைப் பார்த்தாள். "இந்த ஒயரை வெட்டுனா உன் வண்டி சரியாயிரும். ஆனா எங்கையால வெட்டமாட்டேன். டீக்குடிக்கப் போறேன். கட்டரையும் எடுத்துட்டுப் போறேன், பாத்துக்க."

கட்டர் தேவைப்படவில்லை. ஒயர் முனை வெறும் கைத்திருகுதான். கௌசிகா போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, சிந்துஜாவிடம் ஏதோ பேச்சுக் கொடுத்துக்கொண்டே திருகைக் கழற்றினாள். முனை கையோடு வந்தது. முள் படுத்துவிட்டது.

சிந்துஜா பேசிக்கொண்டிருந்தாள். குழம்புக்குப் புளி கரைத்தது, மல்லிச்செடி பூத்தது. கௌசிகா "ம்" கொட்டினாள். பெரிய மனிதர் செங்கோட்டுவேலின் உயிர் அவள் இரண்டு விரலுக்கு நடுவில் செப்புக்கம்பியாக இருந்தது. அது நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், மூன்று வருடத்தில் அவ்வளவு நிம்மதியை அவள் அனுபவித்ததில்லை.

போனுக்கு அந்தப் பக்கம் என்னவோ உருண்டது. மாமியாரின் அலறல் கேட்டது.

"அண்ணி! அப்பா விழுந்துட்டாரு! அண்ணி, உதடெல்லாம் நீலமாகுது... யாராச்சும் வண்டியை எடுங்க! இருக்கற வண்டி ஒண்ணும் பண்ண மாட்டேங்குதே!"

அதே அலறல். அன்றைக்குச் சங்ககிரி ரோட்டு மழையில் அவள் போட்ட அதே அலறல். வேண்டும், நன்றாக வேண்டும் என்று ஒரு மனம் துள்ளியது. இன்னொன்று நிதானமாகக் கேட்டது: எதற்காகச் சாகிறோம், யார் கையால் சாகிறோம் என்று தெரியாமலே போய்விட்டால் அது என்ன தண்டனை? நாளைக்குப் பூமாலை, ஊர்வலம், பத்திரிகையில் படம். நல்ல மனிதர் என்று நாலு பேர் பேசுவார்கள்.

அவள் முனையைப் பொருத்தித் திருகினாள். முள் நடுங்கியது, கோடி வரைக்கும் ஒரு துள்ளுத் துள்ளியது, படுத்தது, மறுபடி துள்ளியது.

"கண்ணைத் தொறந்துட்டாரு" என்று அழுதாள் சிந்துஜா. "சாமி, தொறந்துட்டாரு."

"ஒண்ணும் ஆகாது. நான் வர்றேன்னு சொல்லு" என்றாள் கௌசிகா.

*

முற்றத்தில் ரிக் லாரிகள் வரிசையாக நின்றன. தகரக் கொட்டகையின் கீழ் புது ஆம்புலன்ஸ் பளபளத்தது. தன் பழைய வண்டியை அதன் மூக்குக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினாள் கௌசிகா. நஸ்ரீன் முள் மீட்டரைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். "சண்டைன்னா நான் வெளியவே நிக்கறேன்" என்றாள். ஆனால் உள்ளே வந்துவிட்டாள்.

கூடத்தில் செங்கோட்டுவேல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். வெளுத்த முகம். சுவரில் பிரணவின் படம், மாலை, அணையாத சிவப்பு விளக்கு.

"இந்தப் புள்ளைய யாரு உள்ள விட்டது?"

"உங்க நெஞ்சுதானுங்க மாமா. காலைல இருந்து என் வண்டிகூடத்தான் பேசீட்டிருக்குது."

நஸ்ரீன் விஷயத்தைச் சொன்னாள். நீளமான ஒயரை வாசல் வழியாக இழுத்து வந்து, முள் மீட்டரை அவர் முன்னால் ஸ்டூலில் வைத்தாள். செங்கோட்டுவேல் முதலில் சிரித்தார். பிறகு தன் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு முள்ளைப் பார்த்தார். விரலுக்கு அடியில் துடித்தபோதெல்லாம் முள் துள்ளியது. சிரிப்பு நின்றுபோயிற்று.

"வண்டிய நானே திருப்பி எடுத்துக்கறேன்."

"விக்கற எண்ணமில்லீங்."

"ஆளுங்கள விட்டு எடுத்தா என்ன பண்ணுவ?"

"உங்காளு கதவைத் தொடறதுக்குள்ள என் கை ஒயரைத் தொட்டிரும்ங்க. காலைல தொட்டுப் பாத்துட்டுத்தான் வந்திருக்கறேன்."

அவர் உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டார். "என்னதான் வேணும் உனக்கு?"

"ஒரே ஒரு கேள்விங்க. வண்டி நகரக் கூடாதுன்னு சொன்னீங்களே? ஆவணியில இருந்து இதை ஓட்டறேன். ஈரோடு போனேன், சேலம் போனேன், பவானி போனேன். நீங்க ஒண்ணும் சாகல. அன்னைக்கு இது சங்ககிரி ரோட்டுக்கு வந்திருந்தாலும் செத்திருக்க மாட்டீங்க. அது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவர் வாசலைப் பார்த்தார். முள் வேகமாகத் துள்ளத் தொடங்கியது.

பதில் சமையலறை நிலையிலிருந்து வந்தது. "தெரியும் கண்ணு" என்றாள் மாமியார். அவள் கௌசிகாவிடம் பேசிய முதல் வார்த்தை அது. "கம்பெனிக்காரன் எம் முன்னாலதான் சொன்னான், எங்க வேணாலும் போலாம்னு. இவருக்குத்தான் பயம். நான் கால்ல உழுந்து கேட்டேன். எம்பையன், ஒரே பையன்னு கேட்டேன்."

நஸ்ரீன் தரையைப் பார்த்தாள். தான் கத்தப்போகிறோம் என்று கௌசிகா நினைத்தாள். கத்த வரவில்லை.

"வண்டியில வந்து படுங்க மாமா. கட்டை அவுத்தரலாம்."

படியில் ஒரு காலை வைத்த செங்கோட்டுவேல் அப்படியே நின்றுவிட்டார். கௌசிகாதான் முழங்கையைப் பிடித்து ஏற்றினாள். ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து பெல்ட் போட்டாள். அடியில் இருந்த பெட்டியோடு மூஞ்சிக்கு மூஞ்சி பேசிக்கொள்ளும்படி அவர் நெஞ்சை நேராக்கினாள். பிறகு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். நஸ்ரீன் பட்டறையிலிருந்து எடுத்து வந்த கைக்கருவியில் என்னவோ தட்டிக்கொண்டிருந்த நேரம் முழுக்கப் பார்த்தாள்.

"இங்கதானுங்க அவரு படுத்திருக்கோணும்" என்றாள் மெதுவாக. "மழை மேல விழுந்திருக்காது. ஆக்ஸிஜன் இந்தாங்க, உங்க காதுக்குப் பக்கத்துலயே இருக்குது. நான் இப்ப உக்காந்திருக்கற எடத்துலயே உக்காந்து கையப் புடிச்சிருப்பேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய இமைக்கு வெளியே நீர் வந்தது. பயத்தில் வந்ததா, வேறெதிலா என்று அவள் யோசிக்கவில்லை.

நஸ்ரீனின் கருவி லேசாகக் கூவியது. திரையில் கட்டு அவிழ்ந்துவிட்டது என்று வந்தது. கூடத்து ஸ்டூலில் இருந்த முள் அடங்கிவிட்டது. கொட்டகையில் நின்ற புது வண்டிக்குள் முதல்முறையாக எதுவோ விழித்து முனகியது. அதன் விளக்கு முன்பு எரிந்த அதே பச்சையாகத்தான் எரிந்தது.

நஸ்ரீன் வாயைத் திறப்பதற்குள் கௌசிகா அவள் காலை மிதித்தாள்.

"என்னக்கா, ஆகலியா?"

நஸ்ரீன் அவளை முறைத்தாள். நீண்ட முறைப்பு. "ஆகல" என்றாள் கடைசியில். "கம்பெனி மாறிப்போச்சில்ல. அவுக்க வரமாட்டேங்குது."

செங்கோட்டுவேல் எழுந்து உட்கார முயன்றார். பெல்ட் விடவில்லை. "அப்ப? அப்ப என் உசுரு?"

"இந்த வண்டியிலதாங்க இருக்குது. வண்டி ஓடுனா சின்ன பேட்டரி ஏறும், நின்னா இறங்கும். அதனால ஓடீட்டே இருக்கோணும். நான் ஒத்தையாளு, ஸ்ட்ரெச்சர் புடிக்கக் கூட ஒரு கை வேணும்."

"பத்து ஆள் அனுப்பறேன். இருபது பேரைக்கூட அனுப்பறேன்."

"ஆளு வேண்டாங்க. நீங்க வாங்க."

*

திரும்பி வரும்போது வண்டி சங்ககிரி ரோட்டில் ஏறியது. "பாவம்டி" என்றாள் நஸ்ரீன்.

"பாவந்தான்க்கா. அன்னைக்கும் பாவமாத்தான் இருந்துச்சு."

"அந்தாளு செத்துக்கித்துப் போனா?"

"இனிமே சாகமாட்டாரு. புது வண்டி பாத்துக்கும். என்கிட்டயிருந்து தப்பிக்கறதுக்குச் சாகவும் முடியாது பாத்துக்க."

செங்கோட்டுவேல் வந்தார். விடிந்தும் விடியாமலும் காரில் வந்து இறங்கி, ஆம்புலன்ஸின் மூக்கில் கையை வைத்துப் பார்ப்பார், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல. முதல் விபத்தில் அவர் வாந்தி எடுத்தார். இரண்டாவதில் வேட்டியெல்லாம் ரத்தம். ஸ்ட்ரெச்சரின் கால்பக்கம், கனமில்லாத பக்கம்தான் அவருக்கு. ஆனால் காயம்பட்டவரின் கண்களும் அவர் கண்களும் சந்திக்கிற பக்கம் அது. அதைத் தெரிந்துதான் கொடுத்திருந்தாள்.

ஊர் வாயைப் பிளந்தது. "ரிக் கம்பெனி முதலாளி ஆம்புலன்ஸுக்கு ஆளாப் போறாராமா!" ரங்கசாமிக்குத்தான் கொண்டாட்டம். "எனக்கு டயாலிசிஸ்ல ரத்தம் சுத்தமாகுதோ இல்லியோ, கைத்தாங்கலா ஏத்தி விடறது யாரு பாத்தீங்களா!" என்று வார்டு முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

ஐப்பசி மழையில் ஒருநாள், அதே சங்ககிரி ரோட்டில், பைக்கோடு சறுக்கி லாரிக்கு அடியில் போன ஒரு கல்லூரிப் பையனை எடுத்தார்கள். கௌசிகா ஓட்டினாள். பின்னால் செங்கோட்டுவேல் அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கண்ணை மூடாத சாமி, கண்ணை மூடாத, அப்பா இருக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கௌசிகா கண்ணாடியில் அதைப் பார்த்தாள். வலிக்கட்டும், நன்றாக வலிக்கட்டும் என்று சொல்லிக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள்.

பையன் பிழைத்துக்கொண்டான். ஓடி வந்த அவன் அப்பா, "தெய்வம்ங்க நீங்க" என்று செங்கோட்டுவேல் காலில் விழுந்தார். நெருப்பை மிதித்ததுபோலக் காலை இழுத்துக்கொண்டார் செங்கோட்டுவேல். ஆஸ்பத்திரிச் சுவரோரம் போய்த் திரும்பி நின்றவர் நெடுநேரம் இந்தப் பக்கம் முகம் காட்டவில்லை. கௌசிகா அவருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. அன்று ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாள்.

தை பிறந்த பிறகு, அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு சிந்துஜா ஆம்புலன்ஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். செங்கோட்டுவேல் பெட்ஷீட் வாங்கி வரக் கடைக்குப் போயிருந்தார்.

"அண்ணி, ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்காதீங்க." தூக்குப் போணியின் மூடியைத் திருகிக்கொண்டே பேசினாள். "இனியும் அப்பா உங்ககூட அலையறது அவசியமா?"

"பழைய கட்டு அவுரலியே."

சிந்துஜா நிமிர்ந்தாள். "அது எப்பவோ அவுந்திருச்சே அண்ணி! கைமாறின கம்பெனி ஆளு பொரட்டாசிலயே வந்து புது வண்டியத் தொறந்து பாத்தான். இதுதான் காவல் காக்குது, வேற எதுலயும் கட்டு இல்லைன்னு அப்பா முன்னாலதான் சொன்னான். அப்பா உங்ககிட்டச் சொல்லலியா?"

கௌசிகா விரல்விட்டு மாதங்களை எண்ணினாள்.

புரட்டாசி. அப்படியானால் ஐப்பசி மழையில் அந்தப் பையனின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவருக்குத் தெரியும். கார்த்திகையில் கிணற்றில் விழுந்த பெண்ணைத் தூக்கியபோதும் தெரியும். விடிகாலைப் பனியில் வண்டியின் மூக்கைத் தொட்டுப் பார்த்ததெல்லாம் தெரிந்தேதான்.

முதலில் அவளுக்கு வந்தது கோபம். தண்டனை அவள் கொடுத்தது. அதைத் தானாக எடுத்துக் கட்டிக்கொள்ள அவருக்கு யார் அனுமதி கொடுத்தது? கையிலிருந்த கம்பியை யாரோ பிடுங்கிக்கொண்டதுபோல விரல்கள் துறுதுறுத்தன. வீட்டுக்குப் போய்ப் பிரணவின் படத்திடம், "உங்கப்பன் என்னைய ஏமாத்திட்டான்" என்றாள். ரத்தத்தைப் பார்த்து மயங்குகிறவன் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடிகாலை. பனி. கார் வந்து நின்றது. செங்கோட்டுவேல் இறங்கி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். இந்த நாலைந்து மாதத்தில் தோள் இறங்கியிருந்தது, நடை மட்டும் வேகமாகியிருந்தது. அவளைப் பார்க்காமல், வண்டியின் மூக்கைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"பேட்டரி எப்படி இருக்குது, அம்மிணி?"

அம்மிணி என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. அவள் அவரை நன்றாகப் பார்த்தாள். நேற்றுச் சிந்துஜா எதைச் சொன்னாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கண்ணோரம் நடுங்கியது. ஒரு வார்த்தை போதும். எல்லாம் சரியாப் போச்சுங்க மாமா, நீங்க வீட்டுக்குப் போங்க என்று அவள் சொல்லிவிட்டால் அவர் போய்த்தான் ஆக வேண்டும். வேறெங்கே போவார்? சிவப்பு விளக்கு எரிகிற அந்தக் கூடத்துக்கு.

சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று இருவரும் பயந்துகொண்டு நின்றார்கள்.

போன் அடித்தது. எலச்சிபாளையம் பக்கம் ஒரு பிரசவ வலி.

"இறங்கீட்டேதாங்க இருக்குது" என்றாள் கௌசிகா, கதவைத் திறந்துவிட்டு. "ஏறுங்க மாமா."